தாதா வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது யார்? ஃபேன்டஸி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மூன்று கையெழுத்துப் பிரதிகள் படிக்க வந்தன. மூன்றும் ஃபேன்டஸி, மூன்றிலும் ஒரு நிழலுலக தாதா, மூன்று தாதாக்களுக்கும் பாறை உச்சியில் கருங்கல் மாளிகை. காவலுக்கு நாற்பது பேர், சுற்றிலும் மந்திர வேலி. நாயகன் அமாவாசை இரவில் வடக்குச் சுவரில் கயிறு வீசி ஏறுகிறான். எழுதிய மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் நாவலிலும் வடக்குச் சுவர்தான்.

தூங்கி வழியும் காவலாளி, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து, தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லும் வில்லன், இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். தெரியாமல் செய்கிறவற்றைப் பார்ப்போம்.

## வீடு இருக்கிறது, குடித்தனம் இல்லை

அந்த முதல் நாவலில் ஆற்றுத் துறைமுகத்தில் சுங்கத்தைப் பங்கு போடும் ஒரு தாதாவை எழுதினேன். அவனுடைய மாளிகைக்கு வரைபடம் போடவே இரண்டு மாதம் ஆனது. செங்குத்துப் பாறை, ஒரே பாதை, எட்டு காவல் நிலைகள், நெருப்பு வேலி. பெருமையாக ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: “இந்தப் பாறை மேலே தண்ணி எப்படிடா வருது?”

எரிச்சலாக வந்தது. “மந்திரத்தால் வருகிறது” என்று ஒரு வரி சேர்த்தேன். “சரி, அப்போ அந்த மந்திரவாதியைக் கடத்தினா மூணு நாள்ல வீடு காலி. உன் ஹீரோ ஏன் சுவர் ஏறணும்?” என்றாள். பதில் இல்லை. கதையின் பாதி அந்தச் சுவர் ஏறும் காட்சியை நம்பித்தான் நின்றது. 140 பக்கம் குப்பைக்குப் போனது. இன்றைக்கும் யாராவது பாறை மேல் மாளிகை கட்டினால் எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணில் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காவல் நிலையில் இரவும் பகலும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றால், எட்டு மணி நேரப் பாராவுக்கு மூன்று பேர் வேண்டும். காய்ச்சல், விடுப்பு, குடித்துவிட்டு வராத நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஆக நாற்பது காவலர்கள் என்றால் எந்த நேரத்திலும் விழித்து நிற்பது எட்டுப் பேர்தான். ஆனால் வயிறு நாற்பது பேருக்கும் உண்டு. சமையல்காரர், குதிரைக்காரர், துணி வெளுப்பவர், தாதாவின் மாமியார் என்று இன்னும் இருபது பேரைச் சேருங்கள். பேரிடர் முகாம்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கிறார்கள், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும். அறுபது பேருக்கு 900 லிட்டர். ஒரு கோவேறு கழுதை 80 லிட்டர் சுமந்தால், தினமும் பதினோரு பன்னிரண்டு நடை. அதாவது யாராலும் நுழைய முடியாத அந்த மாளிகையின் கதவு, தண்ணீருக்காக மட்டும் ஒரு நாளில் பன்னிரண்டு முறை திறக்கிறது. விறகும் தானியமும் தனி. மலக்குழியை அள்ள வருகிறவன் தனி, அவனை எந்தக் காவலாளியும் நெருங்கிச் சோதிக்க மாட்டான்.

இதெல்லாம் கதைக்குச் சுமை என்று நினைக்காதீர்கள். நிஜ தாதாக்கள் விழுந்ததே இந்த வழியில்தான். சிசிலி மாஃபியாவின் தலைவர் பெர்னார்தோ புரோவென்சானோ 43 வருடம் தலைமறைவாக இருந்தார். தொலைபேசியைத் தொடவில்லை. உத்தரவெல்லாம் தட்டச்சு செய்த துண்டுச் சீட்டுகளில் போகும், ஆட்களின் பெயருக்குப் பதில் எண்கள் இருக்கும். 2006 ஏப்ரல் 11 அன்று சொந்த ஊரான கொர்லியோனேக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் குடிசையில் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது உளவாளி அல்ல, துணி மூட்டை. மனைவி வெளுத்துக் கொடுத்தனுப்பிய துணி கைமாறிக் கைமாறிப் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே போலீஸ் வந்துவிட்டது. அந்தக் குடிசைக்கு மதிலும் இல்லை, நாற்பது காவலர்களும் இல்லை. அவரை அத்தனை வருடம் காப்பாற்றியது மனிதர்களின் வாய் மூடிய மௌனம். அது எங்கே கிழிந்தது என்றால், சுத்தமான உள்ளாடை வேண்டும் என்கிற இடத்தில்.

அதனால் வரைபடம் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். கதையில் வரவேண்டாம், உங்கள் நோட்டில் இருந்தால் போதும். நான் இரண்டாம் முறை எழுதியபோது அப்படித்தான் தொடங்கினேன். விடிகாலை, பெரிய கதவு சாத்தியிருக்கிறது, அதிலுள்ள திட்டிவாசல் மட்டும் திறக்கிறது. முதல் கழுதையின் குடத்தில் காவலாளி முழங்கை வரை கைவிட்டுத் துழாவுகிறான். இரண்டாவதில் விரலை நனைக்கிறான். நான்காவது வரும்போது கழுதையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முதுகில் தட்டி அனுப்புகிறான். கை ஈரமாகிவிட்டது, குளிராக இருக்கிறது, அவ்வளவுதான். அவன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. ஆயிரம் காலைகளாக அதில் தண்ணீர் மட்டுமே இருந்திருக்கிறது. என் நாயகனுக்கு வழி அந்த ஐந்தாவது குடத்தில் கிடைத்தது.

## மந்திர வேலி

மந்திரக் காவலை எழுதும்போது மூன்று கேள்விகள் போதும். யார் போட்டது, எப்படி ஆளை அடையாளம் காண்கிறது, தவறினால் என்ன ஆகும்?

அந்த மூன்று பிரதிகளில் ஒன்றில், “தீய எண்ணத்தோடு வருபவரை எரித்துவிடும்” வேலி இருந்தது. தாதாவின் ஆட்கள் எல்லாரும் கொலைகாரர்கள். முதல் நாளே சம்பளம் வாங்க வந்தவர்கள் சாம்பலாகியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். எழுதியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வேலியைப் போட்டுக் கொடுத்தவனுக்கு அதைப் பிரிக்கவும் தெரியும். பூட்டு செய்தவன் விஷயத்திலும் அப்படித்தான். தாதா அவனைக் கொன்றுவிட்டான் என்று எழுதினால், அடுத்த வருடம் வேலி பழுதானால் யாரைக் கூப்பிடுவான்? இன்னொன்று, எல்லாரும் மறப்பது. வீண் எச்சரிக்கை. நிழல் பட்டால் ஒலிக்கும் மந்திர மணி வைத்திருக்கிறீர்கள் என்றால் வௌவாலுக்கும் பூனைக்கும் நிழல் உண்டு. ஒரே இரவில் இருபது முறை எழுந்து ஓடிய காவலாளி இருபத்தோராம் முறை என்ன செய்வான்? மணியின் நாக்கில் துணி சுற்றி வைப்பான். நாயகன் மந்திரத்தை முறிப்பதைவிட அந்தத் துணிச்சுருள் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

## சுவர் ஆளைத் தடுக்காது

சுவர் நேரம் வாங்கித் தரும். கதவும் பூட்டும் அப்படியே. எத்தனை நிமிடம் வாங்கித் தருகிறது, அந்த நிமிடங்களில் உள்ளே இருப்பவன் என்ன செய்கிறான் என்பதுதான் காவல்.

2014 பிப்ரவரியில் மெக்ஸிகோவின் கூலியாகான் நகரில் போதைக் கும்பல் தலைவர் ஹோவாகின் குஸ்மானின் வீட்டுக்கு வீரர்கள் போனார்கள். கதவு எஃகு வைத்து வலுப்படுத்தியது, உடைக்கச் சில நிமிடம் பிடித்தது. அதற்குள் குளியல் தொட்டி மேலே எழும்ப, அடியிலிருந்த சுரங்கம் வழியாக ஆள் நகரத்துச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார். அந்தக் கதவு யாரையும் நிறுத்தவில்லை, ஆனால் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சில நாளில், 22ஆம் தேதி, மஸாட்லானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மனைவி, குழந்தைகளோடு இருந்தபோது பிடிபட்டார். குடும்பத்தைப் பார்க்க வரும் இடத்தில் தொட்டி எழும்பாது.

## பொறிகள்

தான் தினமும் செருப்பில்லாமல் நடக்கிற வழியில் யாரும் ஈட்டிக்குழி வைக்க மாட்டார்கள்.

## தாதா ராஜா அல்ல

ராஜா மதில் கட்டிக்கொள்ளலாம், கொடி ஏற்றலாம். தாதாவின் மாளிகை ஊருக்கே தெரிகிற கோட்டையாக இருந்தால், அந்த ஊரின் ராஜா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று வாசகர் கேட்பார். மாமூல் வாங்குகிறார் என்றால் அதை எழுதுங்கள். எவ்வளவு, எந்தக் கிழமை, யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

அப்புறம், தாதா ஒளிந்திருக்கிற ஆள் மட்டும் இல்லை, தேடி வரப்பட வேண்டிய ஆளும்கூட. கடன்காரன் வரவேண்டும், பஞ்சாயத்துக்கு இரண்டு தரப்பும் வரவேண்டும், மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டு ஒரு விதவை வரவேண்டும். யாரும் நெருங்க முடியாத தாதாவுக்குத் தொழில் நடக்காது. அதனால் அவன் வீட்டில் எல்லாரும் வரும் முன்கட்டு ஒன்று இருக்கும், சிலர் மட்டும் போகும் நடுக்கட்டு, யாரும் போகாத உள்கட்டு. கதையின் பதற்றம் ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போகும் நிலைப்படியில் இருக்கிறது, மதிலில் இல்லை. மதிலுக்கும் வெளியே இன்னொரு காவல் உண்டு: தெருவே. முனையில் பம்பரம் விடும் பையன், புதுமுகம் ஒன்று இரண்டு முறை கடந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஓடுவான். அவனுக்குச் சம்பளம்கூட இல்லை.

## எங்கே பேசுகிறான்?

ஒற்றுக்கேட்கும் மந்திரம் உள்ள உலகத்தில் உங்கள் தாதா நடுக்கூடத்தில் உட்கார்ந்து கொலைக்கு உத்தரவிடுகிறான். வேண்டாம். நியூயார்க் மாஃபியா தலைவர் பால் காஸ்டெல்லானோவுக்கு ஸ்டேட்டன் தீவில் வெள்ளை மாளிகை போலவே ஒரு வீடு. 1983ல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அதற்குள்ளேயே ஒலிவாங்கி வைத்துவிட்டது, ஏனென்றால் அவர் தொழில் பேசியதெல்லாம் வீட்டில்தான். அவரை ஆள் வைத்துக் கொன்றுவிட்டுத் தலைவரான ஜான் காட்டி உஷாராக இருந்தார். முக்கியமான பேச்சுக்குத் தன் கிளப்பின் மேல்மாடியில் ஒரு விதவைப் பெண்ணின் வீட்டுக்குப் போவார். எஃப்பிஐ அங்கேயும் ஒலிவாங்கி வைத்தது. அந்த ஒலிப்பதிவுகள் 1992ல் அவரைச் சிறைக்கு அனுப்பின. இரண்டு பேரும் பாதுகாப்பான இடம் ஒன்று இருப்பதாக நம்பினார்கள். உங்கள் தாதாவுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கட்டும், கிணற்றடியோ குதிரை லாயமோ. வாசகர் முதலில் அதை நம்பட்டும்.

## விஷமும் படுக்கையறையும்

அர்த்தசாஸ்திரத்தில் அரண்மனைக் காவலைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். பாம்பு விஷம் இருந்தால் கிளியும் மைனாவும் அலறும், விஷத்தைக் கண்டால் சகோரப் பறவையின் கண் சிவக்கும் என்கிறது. நமக்கு இது ஃபேன்டஸி, ஆனால் கௌடில்யர் பறவைகளோடு நிறுத்தவில்லை. உணவை முதலில் நெருப்புக்கும் பறவைகளுக்கும் போட்டுப் பார்த்த பிறகே ராஜா சாப்பிட வேண்டும் என்கிறார். அப்புறம் ஒரு பட்டியல் தருகிறார். பத்ரசேனனை ராணியின் அறையில் ஒளிந்திருந்த சொந்தச் சகோதரன் கொன்றான். இன்னொரு ராஜாவைத் தாயின் கட்டிலடியில் ஒளிந்திருந்த மகன். காசி ராஜாவைத் தேன் என்று சொல்லிப் பொரியில் விஷம் கலந்த ராணி. ஒருவர்கூட மதில் ஏறி வரவில்லை.

## விசுவாசம்

கூலிக்கு நிற்பவன் ஏன் சாக வேண்டும் என்பதற்கு ஒரு வரியாவது எழுதுங்கள். கி.பி. 193ல் ரோமின் மெய்க்காவல் படை தன் பேரரசரையே கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டது.

## நாய்கள்

நாய்க்குச் சோறு போடுவது தாதா அல்ல. அது யாருக்கு வாலாட்டும் என்று யோசியுங்கள்.

## விழுந்த பிறகு

நாயகன் ஜெயித்ததும் மாளிகை எரிகிறது, அத்தியாயம் முடிகிறது. எனக்கு இங்கேதான் கதை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டுக்குள் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, யார் யார் மாமூல் வாங்கினார்கள் என்கிற பட்டியல் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

சிசிலி மாஃபியாவின் இன்னொரு தலைவர், இருபது வருடத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்த தோதோ ரீனா, 1993 ஜனவரி 15 அன்று பலேர்மோவில் பிடிபட்டார். அதே நகரத்தில்தான் மனைவி, பிள்ளைகளோடு குடியிருந்தார். அந்த வீட்டைச் சோதனை போட அதிகாரிகள் உள்ளே போனது 18 நாள் கழித்து. அதற்குள் வீடு காலி, சுவர்களுக்குப் புதிதாகச் சாயம்கூடப் பூசியிருந்தது.

உங்கள் தாதாவின் வீட்டிலும் அந்த 18 நாளை எழுதிப் பாருங்கள். கணக்குப்பிள்ளை எந்தப் பெட்டியை முதலில் தூக்குகிறான், சமையல்காரி எந்த வெள்ளிப் பாத்திரத்தை மடியில் மறைக்கிறாள், காவல் தலைவன் எந்தப் பக்கத்தைக் கிழிக்க வருகிறான். வடக்குச் சுவரில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், அதில் ஏறி வருவது அநேகமாகப் பக்கத்துத் தெரு தாதாவின் ஆள்.