மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலா: ஒரு லென்ஸ், நானூறு படங்கள்

எங்கள் நங்கநல்லூர் குடியிருப்பின் மொட்டை மாடியில் நின்றால், தை மாதத்துத் தெளிந்த இரவில்கூட நட்சத்திரங்களை எண்ணி முடித்துவிடலாம். மேற்கே விமான நிலைய வெளிச்சம், கீழே தெருவில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள், வடக்கே நகரம் முழுவதும் சேர்ந்து வானத்தில் பூசிய மங்கல் சாயம். இந்த வானத்திலிருந்துதான், ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தேன். பதினொரு வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 50 மி.மீ. லென்ஸ், தொழிலை விட்டுவிட்ட ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் வாங்கிய கனமான முக்காலி. வேறு எதுவும் இல்லை. இதே வழியில் நீங்களும் தொடங்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

முதல் வேண்டுகோள்: டெலஸ்கோப் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 700 மி.மீ. குவியத் தூரம், மெல்லிய கால்கள். நிலாவையும் வியாழனையும் அழகாகக் காட்டியது. நெபுலாவைப் படமெடுக்க உதவவில்லை. காரணம் எளிய கணக்கு. பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், ஒரு பிக்சலுக்குள் சுமார் 18 விகலை வானம் அடங்கும். நான்கு நொடி ஷட்டர் திறந்திருந்தால் நட்சத்திரம் மூன்று பிக்சலுக்குச் சற்று மேல் நகரும். பார்வைக்கு அது புள்ளிதான். அதே கேமராவை 700 மி.மீ. டெலஸ்கோப்பில் பொருத்தினால் ஒரே நொடியில் பன்னிரண்டு பிக்சல் ஓடிவிடும். அதை நிறுத்த, வானத்தோடு சேர்ந்து சுழலும் மோட்டார் தாங்கி வேண்டும். பெரும்பாலும் அதன் விலை டெலஸ்கோப்பையே மிஞ்சும். குறுகிய லென்ஸ் நம் கைத்தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

நாள் குறிக்கச் செயலி தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ஓரியனின் தோளில் செந்நிறமாக எரிவது நம் திருவாதிரை. மார்கழித் திருவாதிரை அன்று அம்மா களி கிண்டும்போது மாடிக்குப் போய்ப் பாருங்கள்: ஏறக்குறைய முழுநிலவு அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும். அந்தச் சேர்க்கையை வைத்துத்தான் திருநாளே அமைந்தது. தரிசனத்துக்கு உகந்த அந்த இரவு படத்துக்கு ஆகாது. நிலவொளி எல்லாவற்றையும் கழுவிவிடும். அங்கிருந்து இரண்டு வாரத்தில் வரும் அமாவாசையும் அதற்கு அடுத்த அமாவாசையும் நமக்குரியவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணிவாக்கில் நெபுலா தென்வானில் 71 பாகை உயரத்தில் நிற்கும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் கிடைத்த கொடை இது. ஒரு பொருள் உயரே ஏற ஏற, அதன் ஒளி கடந்து வரவேண்டிய தூசும் புகையும் குறையும்.

வானத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரியனின் இடுப்பில் ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கீழே வாள் தொங்குவதுபோல் சில மங்கலான புள்ளிகள். அந்த வாளின் நடுப்புள்ளிதான் எம் 42 என்ற ஓரியன் நெபுலா.

மாடியில் இடம் தேடும்போது தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் பாருங்கள். தெருவிளக்கு நேராக லென்ஸில் விழாத மூலை ஒன்று கட்டாயம் இருக்கும். மாடி விளக்குக்காகக் காவலாளியிடம் பேச வேண்டியிருந்தது. “அண்ணா, ஒன்பதிலிருந்து பத்தரை வரை இந்த விளக்கை அணைத்து வைக்க முடியுமா?” என்று கேட்டேன். “திருட்டுப் பயம் இருக்கிறது அம்மா” என்று தயங்கினார். கேமராத் திரையில் அந்த மூன்று நட்சத்திரங்களையும் பெரிதாக்கிக் காட்டினேன். அடுத்த அமாவாசைக்கு நான் ஏறுவதற்கு முன்பே அவர் விளக்கை அணைத்திருந்தார்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸின் முகத்தில் ஆவி படியும். கடலோர ஊரின் ஈரம் அப்படி. பையைத் திறக்காமலே மாடியில் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு வெளியே எடுங்கள். முக்காலியின் நடுக்கொக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் கடற்காற்றுக்கு ஆடாது.

இனி ஃபோகஸ். புதியவர்களின் இரவுகளில் பாதி இதில்தான் வீணாகிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை நோக்கித் திருப்புங்கள். ஓரியனுக்குத் தென்கிழக்கே அது மின்னிக்கொண்டிருக்கும். லைவ் வியூவை இயக்கிப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். முதலில் தெரிவது கோலிக்குண்டு அளவுள்ள மங்கிய வட்டம். வளையத்தைத் திருப்பத் திருப்ப அது சுருங்கும். ஓரத்தில் ஊதா நிறம் கசியும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் ஊதா வற்றிப்போய், நட்சத்திரம் குத்தூசி முனையாகும். அதையும் தாண்டினால் மறுபடி உப்பத் தொடங்கும், இம்முறை பச்சை விளிம்போடு. ஊதாவுக்கும் பச்சைக்கும் இடையில் இருக்கும் அந்த ஒற்றை நிலைதான் நமக்கு வேண்டியது. என் லென்ஸில் அதன் அகலம் வளையத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கிடைத்ததும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மீண்டும் சோதியுங்கள். இரவு குளிரக் குளிர அது நகரும்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் இருக்க வேண்டும், ஜேபெக் கூடாது. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, எஃப் 1.8-ல் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்ததுபோல் ஆகும். ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 4 நொடி. நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். விரலால் பொத்தானை அழுத்தாமல் கம்பி ரிமோட் பயன்படுத்துங்கள். கேமராவைத் தொடர் படமெடுப்பில் வைத்து ரிமோட்டைப் பூட்டிவிட்டால் அது தானே எடுத்துக்கொண்டிருக்கும். படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, கால் பங்கு தூரத்தில் நின்றால் சரி. நூறு படத்துக்கு ஒருமுறை ஓரியனை மீண்டும் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

நானூறு படங்கள் எடுக்க வேண்டும். ஏன் இத்தனை? ஒவ்வொரு படத்திலும் நெபுலாவின் ஒளி கொஞ்சமாவது இருக்கிறது. நட்சத்திரங்களை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் அது எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழுகிறது. இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெறிக்கும் புள்ளிகள், படத்துக்குப் படம் இடம் மாறுகிறது. படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது ஒளி நிலைக்கிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இந்த ஆதாயம் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக வளரும்: நூறு படங்களுக்குப் பத்து மடங்கு, நானூறுக்கு இருபது மடங்கு. நான்கு நொடி வீதம் நானூறு படங்கள் என்றால் மொத்த ஒளி 26 நிமிடம் 40 நொடி. நகர வெளிச்சத்தை நம்மால் அணைக்க முடியாது. நெபுலாவின் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போக முடியும். அதனால்தான், ஒரு பருவம் முழுவதும் ஒரே பொருளை எடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஓர் இரவில் ஐந்து பொருள்களைத் துரத்தியவர்களுக்கு ஐந்து மங்கலான படங்கள்தான் மிஞ்சின. நானும் அதில் ஒருத்தி.

எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே 4 நொடியில் முப்பது படங்கள். இவை டார்க். சென்சார் தானாக உண்டாக்கும் புள்ளிகளைக் கழிக்க உதவும். மூடியோடே கேமராவின் மிக வேகமான ஷட்டரில் இன்னும் முப்பது, இவை பயாஸ். ஒளியே இல்லாதபோதும் கேமரா பதியும் அடிப்படை அளவைக் கழிக்க உதவும். பிறகு பிளாஸ்டரைப் பிரிக்காமல், திறப்பை மாற்றாமல், கேமராவை அப்படியே விடியும்வரை வைத்திருங்கள். சூரியன் எழுமுன் வெளுத்த வானத்தை நோக்கித் திருப்பி, அப்பாவின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் லென்ஸின் மேல் இழுத்துக் கட்டி முப்பது படங்கள் எடுங்கள். இவை ஃபிளாட். கிராமத்து வானத்தில் ஃபிளாட் இல்லாமல் ஓரளவு சமாளிக்கலாம். சென்னையில் முடியாது. இங்கே பின்னணியே பிரகாசமானது. லென்ஸின் ஓர இருட்டும் தூசு வளையங்களும் அந்தப் பிரகாசத்தில் அச்சடித்தாற்போல் தெரியும்.

கணினியில் அடுக்குவதற்கு சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் இரண்டுமே இலவசம். நான் சிரில் பயன்படுத்துகிறேன். நான்கு வகைப் படங்களையும் நான்கு கோப்புறைகளில் போட்டு அதன் ஸ்கிரிப்டை ஓடவிட்டால் போதும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் கோடுகளும் செயற்கைக்கோள் கோடுகளும் என் படங்களில் ஏராளம். ஒரு பிக்சல் மற்றப் படங்களிலிருந்து வெகுவாக விலகினால் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும். அந்தப் படங்களை நீக்க வேண்டியதில்லை.

அடுக்கி முடிந்து திறந்தால் படம் கறுப்பாக இருக்கும். முதல்முறை அதைக் கண்டு அத்தனை உழைப்பும் போயிற்றே என்று கலங்கி உட்கார்ந்திருந்தேன். தரவு உள்ளேயே இருக்கிறது, ஆனால் ஹிஸ்டோகிராமின் இடது மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. முதலில் சிரிலின் பின்னணி நீக்கும் கருவியை இயக்குங்கள். மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகரம் பூசிய சாயம் கழன்றுவிடும். அதன்பின் ஹிஸ்டோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். வாளின் நடுப்புள்ளி முதலில் பூத்தாற்போல் விரிந்தது. அடுத்த இழுப்பில் அதிலிருந்து இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பாக ஒரு சிறகு. திரையில் என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. பின்னால் நின்றிருந்த அம்மா, “இந்தச் சிவப்பு வானத்திலேயே இருக்கிறதா, நீ சேர்த்தாயா?” என்று கேட்டார். ஹைட்ரஜன் வாயுவின் ஒளி, அங்கேயே இருக்கிறது என்றேன். 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் உள்வடிகட்டி தடுத்துவிடும். மிஞ்சியதுதான் இந்த இளஞ்சிவப்பு. அது புறப்பட்டு சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இங்கே பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

அடுத்த பொருளைத் தேட ஸ்டெல்லேரியம் செயலியைத் திறந்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒளித்தர எண் இருக்கும். எண் சிறுத்தால் ஒளி கூடும். ஐந்து எண் வித்தியாசம் நூறு மடங்கு. 1856-ல் இந்த அளவையை வகுத்த நார்மன் போக்சன், பிறகு நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பேற்று 1891-ல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே வானத்தை அளந்தவர். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். மே மாத இறுதியில் இரவு ஒன்பது மணிக்கு ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். தெற்கே கிட்டத்தட்ட 30 பாகை உயரத்தில் நிற்கும் மாபெரும் நட்சத்திரக் கொத்து. லண்டனிலிருந்து அது ஒருபோதும் தெரியாது. வானாய்வகம் அமைக்க ஜவ்வாது மலையில் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததற்கு அந்தத் தென்வானமும் ஒரு காரணம்.

இரண்டாவது பருவத்தில், கேமராவை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் ஒரு சிறிய ஸ்டார் டிராக்கர் வாங்கலாம். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் சென்னையில் 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது; எனக்கு அது எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. திசைகாட்டியால் வடக்கையும் கைப்பேசியின் சாய்வுமானியால் 13 பாகையையும் வைத்தாலே 50 மி.மீ. லென்ஸுக்கு முப்பது நொடி கிடைத்துவிடும். கைப்பேசித் திசைகாட்டி இரும்புக் கம்பிகளுக்குப் பக்கத்தில் பொய் சொல்லும், தள்ளி நின்று பாருங்கள்.

லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். என் இன்னொரு லென்ஸை ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை தின்றுவிட்டது. ரா கோப்புகளையும் அழித்துவிடாதீர்கள். நெபுலா அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கும். புதிய படங்களைப் பழையவற்றோடு சேர்த்து அடுக்கலாம். என்னிடம் இரண்டு பருவத்துப் படங்களாக 1,100 இருக்கின்றன. வரும் தை அமாவாசைக்கு மாடிச் சாவியை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.