பிரெய்டு நரம்பில் முடிச்சு உருவிக்கொண்டு போகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய மீன் மாட்டி, ரீல் கிறீச்சிட்டு, சட்டென்று கனம் போய்விட்டால் எல்லோரும் முதலில் சொல்வது "நரம்பு அறுந்துபோச்சு" என்பதுதான். அந்தப் பழியைப் போடுவதற்கு முன் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நெளிந்திருந்தால் நரம்பு அறுந்துபோகவே இல்லை; முடிச்சு அவிழ்ந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் மீனின் பல்லோ பாறை விளிம்போ வேலையைக் காட்டியிருக்கும். நுனிக்கு மேலே கொஞ்ச தூரம் வரை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால், எதிலோ உரசி உரசி நைந்திருக்கிறது. பிரெய்டு, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்பு, கட்டுகிறவர்கள் அடிக்கடி பார்ப்பது முதல் வகையைத்தான்.

காரணம் அந்த நரம்பின் பொருளிலேயே இருக்கிறது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று விற்கும் இழைகள் எல்லாம் ஒருவகை பாலிஎத்திலீன். தொட்டாலே மெழுகு பூசியது போல வழுக்கும். நைலான் நரம்பை இறுக்கினால் அது கொஞ்சம் இழுபட்டு, கொஞ்சம் நசுங்கி, ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். பிரெய்டு அப்படி அழுந்தாது, இழுபடவும் இழுபடாது. அதனால் மீன் வெட்டி இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் குறையாமல் முடிச்சில் போய் விழுகிறது. போதாததற்கு அது மெலிசு வேறு: 20 பவுண்டு தாங்கும் பிரெய்டின் பருமன் ஏறக்குறைய 6 முதல் 8 பவுண்டு தாங்கும் நைலான் அளவுதான். ஆக, பிரெய்டு முடிச்சில் நாம் தேடவேண்டியது பிடிப்பை. முடிச்சு எத்தனை பவுண்டு தாங்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நைலானில் பழகிய கையோடு அதே முடிச்சை அதே சுற்றுக் கணக்கில் போடுவதுதான் முதல் தவறு. தூண்டில் முள்ளின் காதில் (நரம்பு கட்டும் துளையில்) நுழைத்து, ஐந்து சுற்று சுற்றி, வாலைத் (மிஞ்சும் நுனியைத்) திருப்பிச் செருகும் கிளிஞ்ச் முடிச்சு நைலானில் நன்றாகவே நிற்கும். பிரெய்டில் அதே முடிச்சு கரையில் இழுத்துப் பார்க்கும்போது நிற்பது போலத் தெரியும், தண்ணீரில் போய்க் கைவிடும். அதை விட்டுவிடுவதே நல்லது. யூனி முடிச்சு போடுகிறவர்கள் நைலானுக்கு நான்கைந்து சுற்று என்றால் பிரெய்டுக்கு ஏழெட்டு போடவேண்டும். காதுக்குள் ஒருமுறைக்கு இருமுறை நுழைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தால் பிடிப்பு இன்னும் கூடும். அதற்காகப் பதினைந்து சுற்று போடலாமா என்றால், வேண்டாம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எதுவும் ஒழுங்காக உட்காராமல் போய்விடும்.

என் ஓட்டு பாலோமர் முடிச்சுக்கு. நரம்பை இரண்டாக மடித்துக் காதில் நுழைப்பதால் உலோகத்தின் மேல் இரண்டு இழை உட்காருகிறது, பிரெய்டுக்கு வேண்டிய பிடிப்பு அங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது. எளிய முடிச்சுதான், ஆனாலும் மூன்று இடத்தில் சொதப்புகிறார்கள். மடித்த நரம்பில் போடும் சாதா முடிச்சை முன்கூட்டியே இறுக்கிவிடுவது ஒன்று. முள்ளை வளையத்துக்குள் விட்டு எடுக்கும்வரை அது தொளதொளவென்றுதான் இருக்கவேண்டும். இரட்டை இழை காதுக்குள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுவது இரண்டாவது. குறுக்கே விழுந்தால் மேலே இருக்கும் இழை கீழே இருப்பதை அறுக்கும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை: முள்ளைச் சுற்றி வந்த வளையம் காதைத் தாண்டி மேலே ஏறி முடிச்சோடு சேரவேண்டும். பாதி வழியில் காதின் விளிம்பில் தொங்கி நின்றால் முடிச்சு ஒருபக்கமாக இறுகும். இறுக்கும்போது விரல் நகத்தால் அந்த வளையத்தை லேசாக மேலே தள்ளிவிட்டால் போதும், தானாகப் போய் உட்காரும். மும்முள் தொங்கும் பெரிய லூர்களுக்கு (செயற்கை இரைகளுக்கு) இந்த முடிச்சு சள்ளை பிடித்த வேலை. முழு லூரையும் வளையத்துக்குள் விட்டெடுக்க வேண்டும், முள் ஒவ்வொன்றும் நரம்பைக் கொத்தும். அங்கே நரம்பை இரட்டையாக மடித்து யூனி போட்டுக்கொள்ளலாம்.

இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது

சரியான முடிச்சைத் தேர்ந்தெடுத்து, சரியாகச் சுற்றி, கடைசியில் ஒரே வெட்டாக இழுத்து இறுக்குகிறவர்கள் ஏராளம். உலர்ந்த நரம்பை அப்படி வெடுக்கென்று இழுத்தால் உராய்வில் சூடு கிளம்பும். பாலிஎத்திலீன் சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் பொருள், மெல்லிய இழைக்கு அந்தச் சூடு ஆகாது. எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்துக்கொண்டு மெதுவாக இழுக்கவேண்டும். வழுக்கும் நரம்பை மேலும் வழுக்க வைப்பதா என்று தோன்றலாம். இறுக்கும் நேரத்தில் சுற்றுகள் வழுக்கிக்கொண்டு போய்த் தத்தம் இடத்தில் உட்காருவதுதான் நமக்கு வேண்டும். உட்கார்ந்து நெருங்கிய பிறகுதான் பிடிப்பு வரும். பாதியில் மாட்டிக்கொண்ட சுற்று இறுகியது போல நடிக்கும், மீன் இழுக்கும்போது மிச்ச தூரத்தையும் ஓடி முடிக்கும்.

யூனியில் முதலில் வாலை இழுத்துச் சுற்றுகளை நெருக்கமாக்கி, பிறகு மெயின் லைனை (ரீலிலிருந்து வரும் நரம்பை) இழுத்து முடிச்சைக் காதருகே கொண்டுபோய், மறுபடியும் வாலை ஒரு இழுப்பு. சுற்றுகள் கயிற்றுச் சுருள் போல வரிசையாகப் படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மேலேறி நின்றாலும் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி. அப்படியே விட்டு "இழுத்தா சரியாயிடும்" என்பது நடக்காத கதை.

இழுக்கும்போது பிரெய்டை வெறும் விரலில் சுற்றாதீர்கள். நரம்பு தோற்பதற்கு முன் தோல் கிழியும். அந்தப் பயத்தில்தான் பலர் அரைகுறையாக இறுக்கி விடுகிறார்கள் என்பது என் சந்தேகம். கையுறை போட்டுக்கொள்ளலாம், அல்லது குறடின் கைப்பிடியிலோ ஒரு மரக்குச்சியிலோ நாலைந்து சுற்று சுற்றிக்கொண்டு இழுக்கலாம்.

முடிச்சு நிற்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை இருக்கிறது. இறுக்கி முடித்ததும், வால் முடிச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில், முடிச்சை ஒட்டி, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். வெளிர்நிற நரம்பில் மை நன்றாகவே தெரியும். முள்ளை ஏதாவது உறுதியான கொக்கியில் மாட்டி, ஜெர்க் அடிக்காமல், சீராகக் கனம் கூட்டிக்கொண்டே இழுங்கள். புள்ளி முதலில் ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போய் நின்றுவிட்டால் பரவாயில்லை, முடிச்சு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த முடிச்சை நம்பவேண்டாம்.

வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டுவதும் இதே காரணத்தால்தான் ஆபத்து. நைலானில் அழகுக்காக ஒட்ட வெட்டிப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். பிரெய்டில் நாலைந்து மில்லிமீட்டர் வால் விடுங்கள். நகவெட்டி நன்றாக வெட்டாது, இழைகளை நசுக்கிப் பிரித்துவிடும். பிரெய்டுக்கென்று வரும் பல் வைத்த சிறு கத்தரிக்கோல் நல்லது. வால்நுனியை லைட்டரால் சுட்டு உருண்டையாக்குகிறவர்களும் உண்டு. அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் மெயின் லைனில் பட்டால் கண்ணுக்குத் தெரியாமலே அங்கே பலம் போயிருக்கும். சூப்பர் குளூவை நம்புவதிலும் பெரிய பயன் இல்லை, பாலிஎத்திலீனில் அது சரியாக ஒட்டாது.

லீடரோடு இணைக்கும்போது

பிரெய்டின் நுனியில், முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த தனி நரம்புதான் லீடர். இரண்டு விதமான நரம்பை ஒரே கணக்கில் சுற்றுவது இங்கே நடக்கும் வழக்கமான தவறு. இரண்டு நரம்பிலும் ஒவ்வொரு யூனி போட்டு இணைக்கும் டபுள் யூனியில் பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று என்றால் தடித்த லீடர் பக்கம் நான்கு போதும். லீடரிலும் எட்டுப் போட்டால் முடிச்சு இறுகவே இறுகாது, ராடின் வளையங்களில் தட்டிக்கொண்டே போகும். ஆல்பர்ட்டோ முடிச்சில் பிரெய்டு லீடரின் வளையத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைந்ததோ அதே பக்கமாகத்தான் வெளியே வரவேண்டும். எதிர்ப்பக்கமாக எடுத்தால் பார்க்க முடிச்சு போலவே இருக்கும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும்.

எஃப்ஜி முடிச்சைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் லீடர் எங்கேயும் மடிவதில்லை. பிரெய்டுதான் அதை மேலும் கீழுமாக மாறி மாறிச் சுற்றிப் பின்னல் போல இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் மெலிசாகவும் இருக்கிறது, வளையங்களில் வழுக்கிக்கொண்டும் போகிறது. முழு ரகசியமும் பிரெய்டு ஒரு நொடிகூடத் தளராமல் இருப்பதில்தான். பின்னும்போது நடுவில் விறைப்பு விட்டுப்போனால், அதுவரை போட்ட சுற்றுகள் தளர்ந்து இடைவெளி விடும். அதன்மேல் எத்தனை சுற்று போட்டாலும் அடியில் பிடிப்பு இருக்காது. சுமார் இருபது சுற்று போட்டு, ஒன்றிரண்டு அரைமுடிச்சால் பூட்டிவிட்டு, லீடரையும் மெயின் லைனையும் எதிரெதிராக நல்ல பலத்தோடு இழுக்கவேண்டும். பின்னல் லீடருக்குள் அழுந்தும்போது அதன் நிறம் சட்டென்று அடர்ந்து மாறுவதைப் பார்க்கலாம். நிறம் மாறவில்லையென்றால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். அதற்கு முன்னாலேயே லீடரின் வாலை வெட்டிவிடும் அவசரக்காரர்களுக்கு முதல் வீச்சிலேயே லூர் தனியாகப் பறக்கும். ஆடுகிற படகில், காற்றில், நடுங்கும் கையோடு எஃப்ஜிதான் போடுவேன் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. அந்த நேரத்துக்கு ஒழுங்காகப் போட்ட டபுள் யூனி, அரைகுறை எஃப்ஜியைவிட எவ்வளவோ மேல்.

முடிச்சுக்கு வெளியே இருக்கும் தவறுகள்

சில முள்களில் காதின் கம்பி முழுக்க மூடியிருக்காது, மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். நைலான் அதில் நுழையாது, மெல்லிய பிரெய்டு நுழைந்துவிடும். நுழைந்தால் ஒன்று நழுவும், இல்லை அந்த விளிம்பில் அறுபடும். கட்டுவதற்கு முன் காதை ஒருமுறை பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அந்த முள்ளுக்கு லீடர் போட்டே கட்டுங்கள்.

வீசும்போது நரம்பில் தானாக விழும் சின்ன முடிச்சை ஊசியால் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். இறுகிவிட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிவதுதான் சரி. பிரெய்டில் ஒரு சாதா முடிச்சு பலத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும்.

கடைசியாக ஸ்பூல், அதாவது ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை. பிரெய்டை வழவழப்பான ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால், மொத்த நரம்பும் ஒரே கட்டாக ஸ்பூலின் மேலேயே சுழலும். டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை) முழுக்க இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கும், ரீல்தான் கெட்டுவிட்டது என்று அதைப் பிரித்துப்போட்டு உட்காருவார்கள். சந்தேகம் வந்தால் டிராக்கை இறுக்கிவிட்டு ஸ்பூலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நரம்பை இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் நிற்க, நரம்புக் கட்டு மட்டும் திரும்பினால் விஷயம் அங்கேதான். முதலில் சில மீட்டர் நைலான் சுற்றி அதோடு பிரெய்டை இணைத்தாலோ, ஸ்பூலில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் சுற்றினாலோ இது சரியாகிவிடும்.