விறகு அடுப்பு இருக்கிற வீட்டுக்கு குடி வந்துட்டீங்களா? பழைய செயின்சா, விறகு, புகைபோக்கி பத்தி கொஞ்சம்

குளிர் நாட்டுக்கு வந்து டவுனை விட்டு தள்ளி வீடு எடுத்தீங்கன்னா ஹால்ல ஒரு விறகு அடுப்பு இருக்கிறதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு, கனமான இரும்புப் பெட்டி, முன்னாடி கண்ணாடிக் கதவு, மேல ஏறிப் போற புகைக்குழாய். அதைப் பாத்ததும் நம்ம ஆளுங்க ரெண்டு விஷயம் சொல்லுவாங்க. ஒண்ணு, இனிமே ஹீட்டிங் பில் வராது. ரெண்டு, ஒரு செயின்சா, அதாவது பெட்ரோல்ல ஓடுற மரம் அறுக்கிற ரம்பம், வாங்கணும். முதலாவது பாதி உண்மை. ரெண்டாவது உண்மைதான், ஆனா அவசரமே இல்லை, ஏன்னா நீங்க இன்னைக்கு அறுக்கிற மரம் இந்தக் குளிருக்கு எரியாது.

இதை முதல்ல மண்டையில ஏத்திக்கணும். பச்சை மரத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். ஆயிரம் கிலோ பச்சை விறகுல 500 கிலோ தண்ணின்னு வச்சுக்கோங்க, அது எரிக்கிற பக்குவத்துக்கு, அதாவது ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு வரும்போது மொத்த எடை 625 கிலோ ஆகிடும், மிச்ச 375 கிலோ தண்ணி காத்துல போயிருக்கும். அதைக் காத்து எடுத்துட்டுப் போகணும், உங்க அடுப்பு இல்ல. காஞ்ச விறகு ஒரு கிலோவுக்கு சுமார் 4 யூனிட் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்) சூடு தரும், பச்சையா போட்டா அதுல ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், ஏன்னா அந்தக் கிலோவுல பாதி தண்ணி, அதை ஆவியாக்கவும் கொஞ்சம் சூடு செலவாகிடும். அது மட்டும்னா பரவால்ல, அப்படி சூடில்லாம போற புகை குழாய்க்குள்ள குளிர்ந்து தார் மாதிரி ஒட்டும், அதுக்குப் பேரு கிரியோசோட், ஒரு நாள் அது தீப்பிடிச்சா புகைபோக்கிக்குள்ள 1000 டிகிரியைத் தாண்டும். விறகு அடுப்பு இருக்கிற வீடு தீப்பிடிக்கிறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதனால முதல் குளிருக்கு காஞ்ச விறகை காசு குடுத்து வாங்கிடுங்க, கூச்சப்பட வேண்டாம். வாங்கும்போது அளவு கேளுங்க. சில நாட்டுல கார்டுன்னு சொல்லுவாங்க, அது நல்லா அடுக்கி வச்ச 128 கன அடி, வேற சில இடத்துல கன மீட்டர் கணக்கு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, வண்டியில இருந்து அப்படியே கொட்டின ஒரு கன மீட்டரும் அடுக்கின ஒரு கன மீட்டரும் ஒண்ணில்ல, கொட்டினதை அடுக்கிப் பாத்தா 0.6, 0.7 தான் தேறும், ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எந்தக் கணக்குல வித்தாங்கன்னு பாருங்க. விக்கிறவர் "ரெண்டு வருஷம் காஞ்சது" ன்னு சொல்றதை மட்டும் நம்பாதீங்க. ஈரப்பதம் பாக்குற மீட்டர் சின்னதா, சல்லிசா கிடைக்கும், ஒண்ணு வாங்கிக்கோங்க, ஆனா கட்டையோட வெளிப்பக்கம் குத்திப் பாத்தா எல்லாமே காஞ்ச மாதிரிதான் காட்டும், ஒரு கட்டையை புதுசா பிளந்து உள்முகத்துல குத்துங்க. மீட்டர் இல்லைன்னா ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, காஞ்சது கணீர்னு கேக்கும், ஈரம் இருக்கிறது சொத்துன்னு கேக்கும்.

எந்த மரம்னு ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம். ஒரே எடைன்னா எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான், ஓக் மாதிரி கனமான மரம் அதே இடத்துல அதிகமா அடங்கும், பைன் லேசு, சீக்கிரம் எரிஞ்சு முடியும், பத்த வைக்க அருமை. ஓக் காய ரெண்டு வருஷம் கூட ஆகும். பிர்ச் மரத்தை பிளக்காம முழு உருளையா விட்டா பட்டைக்குள்ள இருந்தபடியே உளுத்துப் போகும். பெயின்ட் அடிச்சது, மருந்து ஏத்தினது, பிளைவுட், கடல்ல மிதந்து வந்த கட்டை, இதெல்லாம் அடுப்புல போடவே கூடாது.

சரி, இப்போ செயின்சா. என் கட்சி பழைய மெஷின் கட்சி. புதுசா வர்ற மலிவு மெஷினை விட, நல்ல கம்பெனியோட இருபது முப்பது வருஷப் பழைய புரொஃபஷனல் மாடல் எவ்வளவோ மேல், ஸ்டில் 026, ஹஸ்க்வர்னா 61 இந்த ரகம், ஸ்பேர் இன்னும் கிடைக்குது, ஸ்குரூ கழட்டினா எல்லாம் கழண்டு வரும். வீட்டு விறகுக்கு 50 சிசி பக்கம் இருந்தா தாராளம். ஆனா ரொம்பப் பழசுக்கு ஆசைப்படாதீங்க, முன்கைப்பிடிக்கு முன்னாடி இருக்கிற அந்த செயின் பிரேக் இல்லாத மெஷின் ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு.

வாங்கப் போகும்போது மெஷின் சூடா இருந்தா உஷாராகுங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ போராடி ஸ்டார்ட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஆறின மெஷினை ஸ்டார்ட்டர் கயிறு கைப்பிடியில பிடிச்சு தூக்குங்க, கம்ப்ரெஷன் இருந்தா மெஷின் தயங்கித் தயங்கி விட்டு விட்டு இறங்கும், கயிறு சர்ருனு உருவிக்கிட்டுப் போனா உள்ள பிஸ்டன் ரிங் போயிருக்கு. அடுத்து சைலன்சரைக் கழட்டச் சொல்லுங்க, ரெண்டு மூணு போல்ட்தான், கழட்ட மாட்டேன்னு சொன்னா கும்பிடு போட்டு வந்துடுங்க. அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சா பிஸ்டனோட பக்கவாட்டு தெரியும், மழமழன்னு இருக்கணும். மேலயும் கீழயுமா கீறல் கோடு ஓடியிருந்தா ஆயில் கலக்காம ஓட்டியிருக்காங்க, இல்லை காத்து உள்ள கசிஞ்சு பெட்ரோல் பத்தாம சூடேறியிருக்கு.

வீட்டுக்குக் கொண்டு வந்த பழைய மெஷின் ஸ்டார்ட் ஆகலைன்னா பத்துக்கு எட்டு தடவை ரப்பர்தான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் டாங்குலயே வருஷக்கணக்கா கிடந்து பைப்பை இறுக வச்சுடும், கார்பரேட்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற மெல்லிசு சவ்வு அட்டையாட்டம் விறைச்சுப் போகும். முதல்ல பிளக்கைக் கழட்டி ஸ்பார்க் வருதா பாருங்க, பிளக் முனையில இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கணும். ஸ்பார்க் இருக்கு, பல தடவை இழுத்தும் பிளக் காஞ்சே இருக்குன்னா பெட்ரோல் போகலை. வளைச்ச கம்பியால டாங்குல இருந்து ஃபில்டரை வெளிய இழுத்துப் பாருங்க, பைப் டாங்குக்குள்ள நுழையுற அந்த வளைவுலதான் வெடிப்பு விழும், வளைச்சுப் பாத்தா தெரியும். பைப், ஃபில்டர், கார்பரேட்டர் கிட் (உள்ள போடுற டயாஃப்ரம், கேஸ்கெட் செட்) மூணையும் சேர்த்தே மாத்திடுங்க, ஒவ்வொண்ணா மாத்தி மூணு வாட்டி கழட்டுறதுல அர்த்தமே இல்லை. கார்பரேட்டர்லயே அதைச் செஞ்ச கம்பெனி, வால்ப்ரோவோ ஸாமாவோ, பேரும் நம்பரும் குத்தியிருக்கும், அந்த நம்பருக்கு கிட் வாங்குங்க. பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, கேஸ்கெட் முன்ன பின்ன மாறினா வேலை செய்யாது. சின்ன ஓட்டைகள்ல கம்பி விட்டுக் குத்தாதீங்க, கிளீனர் ஸ்பிரே போதும்.

பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டினவங்களுக்கு ஆயில் கலக்குறது சொல்லிக் குடுக்க வேண்டாம். மத்தவங்களுக்கு, நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா 50க்கு 1, அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி. பழைய மேனுவல்ல 25க்கு 1ன்னு இருக்கலாம், அது அந்தக் கால ஆயிலுக்குப் போட்ட கணக்கு. கலந்த பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல வச்சு ஓட்டாதீங்க. டப்பாவுல ரெடிமேடா வர்ற அல்கைலேட் பெட்ரோல் விலை ஜாஸ்திதான், ஆனா எத்தனால் கிடையாது, வருஷக்கணக்கா கெடாது, எப்பவாவது எடுக்கிற மெஷினுக்கு அதுதான் சரி.

டியூனிங் பண்ணும்போது காதைத் தீட்டிக்கோங்க. கார்பரேட்டர்ல H னு போட்டிருக்கிற ஸ்குரூ ஃபுல் ஸ்பீடுக்குப் போற பெட்ரோலை கூட்டிக் குறைக்கும், அதை உள்ள திருகத் திருக பெட்ரோல் குறையும், மெஷின் கிறீச்சுன்னு பறக்கும், சூப்பரா ஓடுதுன்னு தோணும், அப்படித்தான் பிஸ்டன் எரியும். மரத்துல வைக்காம ஃபுல் த்ராட்டில் குடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கரகரன்னு திக்கணும், பார், அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, மரத்துல இறங்கின உடனே அந்த கரகரப்பு போய் சத்தம் சுத்தமாகணும். அதான் செட்டிங். ஐடில்ல விட்டா செயின் சுத்தவே கூடாது. இதையெல்லாம் வெளியில வச்சுப் பண்ணுங்க, மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம், புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு.

இன்னொண்ணு, கிளட்ச் கழட்டுறவங்களுக்கு. அது இடதுகைத் திருகு, வழக்கமா இறுக்குற பக்கம் திருப்பினாதான் கழலும். பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் நைலான் கயிறைத் திணிச்சா பிஸ்டன் நிக்கும், ஸ்குரூடிரைவரை உள்ள விட்டா பிஸ்டன் ஓட்டையாகும்.

மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும் செயின் மொக்கைன்னா வேஸ்ட். கீழ விழறது செதிலா இருக்கா தூளா இருக்கான்னு பாருங்க, தூள் வந்தா உடனே நிறுத்தி அரம் எடுங்க, அழுத்தி அறுக்காதீங்க. செயின்ல பல் இடைவெளி அளவு (பிட்ச்) அங்குலத்துல போட்டிருக்கும், 3/8 செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325க்கு 4.8, சின்ன மெஷின்ல வர்ற லோ புரொஃபைல் 3/8க்கு 4. முப்பது டிகிரி கோணம், முன்னாடி தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிடணும், ஒரு பல்லுக்கு மூணு தள்ளுன்னா எல்லாப் பல்லுக்கும் மூணு. பல்லுக்கு முன்னாடி இருக்கிற அந்தச் சின்னக் குமிழ் பல்லை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்கணும், அதை யாரும் கவனிக்கிறதில்லை, பல்லு கூரா இருந்தும் கடிக்கலைன்னா பிரச்சனை அங்கதான். இந்த வளைஞ்ச பல்லு டிசைனே ஜோசப் காக்ஸ்னு ஒரு அமெரிக்க மரவெட்டி, அடிமரத்தைக் குடைஞ்சுக்கிட்டிருந்த ஒரு வண்டுப் புழுவோட வாயைப் பாத்துட்டு 1947ல கொண்டு வந்தது, இன்னைக்கும் நாம அதையேதான் தீட்டிக்கிட்டிருக்கோம்.

பாதுகாப்பு பத்தி சுருக்கமா. ஹெல்மெட், காது மூடி, வெட்டு தடுக்கிற கால்சட்டை, இது மூணும் மெஷினோட சேர்த்து வாங்குங்க, முதல்ல இதுக்குக் காசு எடுத்து வச்சுட்டு மிச்சத்துல மெஷின் பாருங்க. பாரோட நுனியில மேல் கால்வாசி எதுலயும் படக்கூடாது, பட்டா மெஷின் முகத்துக்கு எகிறும். ஏணி மேல நின்னு அறுக்காதீங்க. நிக்கிற மரத்தை சாய்க்கிற வேலை முதல் வருஷம் வேணவே வேணாம், சாய்ச்ச மரம் வாங்கி துண்டு போட்டாலே போதும். காட்டுல கீழ கிடக்குதேன்னு எடுத்துட்டு வராதீங்க, நிலம் யாரோடதாவது இருக்கும், அனுமதி கேக்கணும். தூரத்துல இருந்தும் விறகு ஏத்திட்டு வரக்கூடாது, மரத்தை அழிக்கிற பூச்சி கூடவே வரும், பல இடத்துல அதுக்குத் தடையே இருக்கு.

அறுத்ததை உடனே பிளந்துடுங்க, பட்டையோட உருளையா கிடந்தா காயாது. பிளக்க கனமான மழுங்கின கோடாரி நல்லது, ஏற்கனவே இருக்கிற வெடிப்பைப் பாத்து அது வழியா போடுங்க, கணு இருக்கிற பக்கம் வம்பு பண்ணாதீங்க. தரையில படாம பலகை மேல அடுக்கி, மேல மட்டும் மூடி, பக்கமெல்லாம் காத்துக்கு விடணும். முழுசா தார்ப்பாய் போட்டு மூடுறவங்க விறகை அவிச்சுக்கிட்டிருக்காங்க.

அடுப்பு பத்த வைக்கும்போது பெரிய கட்டை கீழ, சின்னது மேல, சுள்ளி உச்சியில, தீ உச்சியில இருந்து கீழ வரட்டும், புகை ரொம்பக் கம்மியாகும். ராத்திரி முழுக்க எரியணும்னு காத்தை மொத்தமா அடைச்சு புகைய விடுறது கெட்ட பழக்கம், கண்ணாடி கருத்தா குழாயும் கருத்திருக்குன்னு அர்த்தம். கதவு ஓரத்துல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்துட்டா கேஸ்கெட் கயிறு மாத்தணும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வச்சு புகைபோக்கியை சுத்தம் பண்ணுங்க, குடி வந்த உடனே ஒரு தடவை கண்டிப்பா, முன்ன இருந்தவங்க என்னத்தை எரிச்சாங்களோ. கார்பன் மோனாக்சைடு அலாரம் அடுப்பு இருக்கிற ரூம்ல ஒண்ணு, தூங்குற பக்கம் ஒண்ணு, அதுக்கு வாசனையே கிடையாது.

சாம்பலுக்குள்ள கங்கு ரெண்டு மூணு நாள் கழிச்சும் உயிரோட இருக்கும், பிளாஸ்டிக் கவர்லயோ அட்டைப் பெட்டியிலயோ போட்டுடாதீங்க, மூடி போட்ட இரும்பு வாளியில போட்டு வீட்டை விட்டு தள்ளி கல் மேல வைங்க. கடைசியா, வாடகை வீடுன்னா அடுப்பைப் பயன்படுத்தலாமான்னு ஓனர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, சொந்த வீடுன்னா இன்சூரன்ஸ்ல விறகு அடுப்பு இருக்குன்னு சொல்லியிருக்கான்னு செக் பண்ணுங்க, புகைபோக்கி சுத்தம் பண்ணினவர் குடுக்கிற ரசீதை பத்திரமா வைங்க, ஏதாவது ஆச்சுன்னா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.