வெளியே மைனஸ் 30, உள்ளே டியூப் லீக்: பழைய கொதிகலனை நிறுத்திச் சரிசெய்யும் முறை

தூத்துக்குடியில் ஒரு யூனிட் டியூப் லீக்கில் நின்றால் அந்த மின்சாரத்தை வேறொரு நிலையம் ஈடுகட்டிவிடும். மங்கோலியாவின் உலான்பாத்தரில் அது மட்டும் போதாது. 1983இல் ஓடத் தொடங்கிய நான்காவது அனல் நிலையம் மின்சாரத்தோடு நகரத்து வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரையும் அனுப்புகிறது. ஜனவரி இரவில் மைனஸ் 30க்கும் கீழே இறங்கும் ஊரில் அந்தச் சூட்டைக் கம்பி வழியே வெளியிலிருந்து வாங்க முடியாது. எட்டுக் கொதிகலன்கள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 420 டன் நீராவி, சதுர செ.மீ.க்கு 140 கிலோ அழுத்தம், 560 டிகிரி என்பது வடிவமைப்பு அளவு. எரிவது பாகனூர், ஷிவே ஓவோ சுரங்கங்களின் பழுப்பு நிலக்கரி. எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஈரம். கீழே சொல்வது இந்த வகைச் சோவியத் காலத்துக் கொதிகலனை வைத்துத்தான்.

முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

வெந்நீரும் மின்சாரமும் சேர்ந்த நிலையத்தில் தண்ணீர் மூன்று இடங்களில் தொலையலாம்: கொதிகலன் குழாய், நகர நீரைச் சூடாக்கும் ஹீட்டர், ஊருக்குள் ஓடும் குழாய் வலை. ஊருக்குள் உடைப்பு என்றால் நெட்வொர்க் மேக்கப், அதாவது குழாய் வலையில் குறைந்ததை நிரப்பச் சேர்க்கும் தண்ணீர், ஏறும்; கொதிகலனுக்குச் சேர்க்கும் டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீர் ஏறாது. இரண்டு மேக்கப் மீட்டர்களையும் ஒவ்வொரு ஷிஃப்டும் தனித்தனியாக எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஹீட்டர் லீக்தான் ஏமாற்றும். டர்பைனிலிருந்து எடுக்கும் ஆவி ஒன்றிரண்டு கிலோ அழுத்தத்தில்தான் இருக்கும். நகர நீரின் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. குழாய் ஓட்டையானால் ஊர்த் தண்ணீர் ஆவிப் பக்கம் புகுந்து, கண்டென்சேட்டோடு (ஆவி குளிர்ந்து ஆன நீரோடு) கலந்து, நேரே கொதிகலனுக்குப் போகும். அந்தத் தண்ணீர் மென்னீராக்கப்பட்டதே தவிர உப்பு நீக்கப்பட்டதல்ல. கொதிகலன் மேக்கப் குறைவதுபோலத் தெரியும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். சில வாரங்களில் வாட்டர் வால் குழாய்களின் (நெருப்பைச் சுற்றிச் சுவராக நிற்கும் நீர்க்குழாய்களின்) உள்சுவரில் படிவு ஏறி, குழாய் சூடேறி வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு ஹீட்டரின் டிரெய்னிலும் (ஆவி நீராகி வெளியேறும் குழாயிலும்) கடினத்தன்மையும் கண்டக்டிவிட்டியும் (மின்கடத்துத் திறனும்) தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எல்லா டிரெய்னும் சேர்ந்த இடத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் எந்த ஹீட்டர் என்று தெரியாமலே போய்விடும்.

கொதிகலன் குழாய்தான் என்பதற்கு அடையாளங்கள்: கொதிகலனுக்குள் போகும் ஃபீட் வாட்டர் அளவுக்கும் நீராவி அளவுக்கும் உள்ள வித்தியாசம், புளோ டவுன் (உப்பைக் குறைக்க வெளியேற்றும் கொதிகலன் நீர்) போக, மணிக்கு 5 டன்னைத் தாண்டி ஏறிக்கொண்டே போவது, மைனஸ் 2 முதல் 5 மி.மீ. (நீர் அளவு) வரை நிற்க வேண்டிய ஃபர்னஸ் டிராஃப்ட், அதாவது நெருப்பறை அழுத்தம், பாசிட்டிவ் பக்கம் எகிறுவது, புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனின் ஆம்பியர் ஏறுவது. ஒரு பக்கப் புகைவாயு மட்டும் மறுபக்கத்தைவிடக் குளிர்வது. எகனாமைசரில் (புகைச் சூட்டில் ஃபீட் வாட்டரைச் சூடாக்கும் பகுதியில்) லீக் என்றால் கீழே ஹாப்பரில் சாம்பல் சேறாகி, பிறகு சிமென்ட் போல இறுகும். நெருப்பைப் பார்க்கும் பீப் ஹோலுக்கருகே காதை வைத்துக் கேட்பதும் பயன்படும். ஆனால் கதவைத் திறந்து நேரே நிற்காதீர்கள். பாசிட்டிவ் அடித்தால் தீ முகத்துக்கு வரும்.

நிறுத்தும் வரிசை

சிறு லீக்தானே, காலைவரை ஓட்டலாம் என்று நினைப்பதுதான் பெரிய செலவு. 140 கிலோ அழுத்தத்தில் பீறிடும் ஆவி, சாம்பலையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் குழாயை அறுக்கும். ஒரு குழாய் லீக் பத்துக் குழாய் லீக்காக மாறுவது இப்படித்தான். சூப்பர் ஹீட்டராக (ஆவியை மேலும் சூடாக்கும் குழாய்களாக) இருந்தால் ஓட்டைக்குப் பின்னால் உள்ள நீளத்துக்கு ஆவி பற்றாமல் அதுவும் வெந்துபோகும்.

ரிசர்வ் கொதிகலனை உடனே லைட் அப் செய்யுங்கள், அதாவது எரியூட்டுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து டர்பைனோடு சேர்க்கப் பல மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் டிரம்மின் (நீரும் ஆவியும் பிரியும் பெரிய உருளையின்) மேல், கீழ் உலோக வெப்ப வித்தியாசம் 40 டிகிரியைத் தாண்டாமல் ஏற்ற வேண்டும். எரியூட்டப் பயன்படும் மசூத் என்ற கெட்டி உலை எண்ணெய் தொட்டியில் 60–70 டிகிரியும் பர்னரில் 120 டிகிரி அளவும் இல்லாவிட்டால் சரியாகச் சிறு துளிகளாகச் சிதறாது; குளிர்காலம் முழுக்க அதைச் சுற்றோட்டத்திலேயே வைத்திருங்கள்.

ஆவி குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது மின்சார லோடு. கண்டென்சருக்குப் போகும் ஆவியைக் குறைத்து ஹீட்டருக்கு எடுப்பதைக் காப்பாற்றுங்கள். மின்சாரத்தை ரஷ்ய கிரிட்டிலிருந்து இறக்குமதி செய்ய வழி உண்டு. டர்பைனே டிரிப் ஆனால் பி.ஆர்.டி.எஸ். (ஆவியின் அழுத்தத்தையும் சூட்டையும் குறைக்கும் அமைப்பு) வழியாக மெயின் ஸ்டீமை இறக்கி ஹீட்டருக்குக் கொடுங்கள். அதுவும் போதாதென்றால் ஊருக்கு அனுப்பும் நீரின் வெப்பத்தைக் குறைக்கலாம், மணிக்கு 30 டிகிரிக்கு மேல் மாறாமல். நெட்வொர்க் பம்பை மட்டும் எந்த நிலையிலும் நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் குழாய் பிழைக்கும். நின்றுவிட்டால் மாடிப்படி ரேடியேட்டர்களில் தொடங்கி உறைந்து வெடிக்கும். பிறகு கொதிகலன் தயாரானாலும் ஊரைச் சூடாக்க முடியாது.

நெருப்பை அணைத்த பிறகு ஐ.டி. ஃபேன் ஓடி ஆவியை வெளியேற்றட்டும். பின்பு டேம்பர்களை (காற்றுவழிக் கதவுகளை) மூடிச் சில மணி நேரம் தானாக ஆற விடுங்கள். அவசரத்தில் மைனஸ் 30 காற்றை உள்ளே இழுத்தால் டிரம்மில் விரிசல் விழும். பாய்லர் ஹவுஸ் கதவுகள் மூடியிருக்கட்டும். முதலில் உறைவது டிரம் லெவல், பிரஷர் டிரான்ஸ்மிட்டர்களுக்குப் போகும் சிறு இம்பல்ஸ் லைன்கள். அவை உறைந்தால் அடுத்த லைட் அப்பில் லெவல் பொய் சொல்லும்.

உள்ளே போன பின்

50 டிகிரிக்குக் கீழே ஆறி, ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் சோதித்து, மேலே ஒட்டியிருக்கும் கிளிங்கரை (உருகி இறுகிய சாம்பல் கட்டியை) வெளியிலிருந்தே தட்டி விழவைத்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். 12 வோல்ட் விளக்கு மட்டும்.

வெல்டரைக் கூப்பிடுமுன் முதல் ஓட்டை எது என்று கண்டுபிடியுங்கள். மீன் வாய்போல அகலத் திறந்து, உதடு கத்திபோல மெலிந்திருந்தால் திடீர்ச் சூடேற்றம்: தண்ணீர் ஓட்டம் தடைபட்டிருக்கிறது. உதடு தடித்து, பக்கத்தில் நீளவாட்டில் மயிரிழை விரிசல்கள் இருந்தால் நெடுங்காலச் சூடு. ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தால் சாம்பல் அரிப்பு அல்லது குழாய்மேல் படியும் சாம்பலை ஊதித் தள்ளும் சூட் புளோவர் நேராக அடித்தது. பக்கத்துக் குழாய்களில் தெரியும் வெட்டுகள் பெரும்பாலும் விளைவுதான். அதை ஒட்டிவிட்டு வெளியே வந்தால் இரண்டு நாளில் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும்.

மாதிரியைக் கேஸ் கட்டிங்கில் எடுக்காமல் ரம்பத்தால் அறுங்கள். நெருப்புப் பக்கம், ஓட்டத் திசை, உயரம் மூன்றையும் குழாய்மேலேயே எழுதுங்கள். உள்படிவு சதுர செ.மீ.க்கு 40 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை, கோடையில் ஆசிட் கிளீனிங்தான் மருந்து.

வாட்டர் வால் குழாய் 60 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிமன், சாதாரணக் கார்பன் ஸ்டீல். சுற்றிலும் அல்ட்ராசோனிக்கில் அளந்து 4.5 மி.மீ.க்குக் கீழே போன நீளம் முழுவதையும் வெட்டுங்கள். மாற்றுத் துண்டு 150 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 30 டிகிரி பெவல் (விளிம்புச் சாய்வு), 2 முதல் 3 மி.மீ. ரூட் கேப் (இரு முனைக்கும் இடைவெளி), டிக் வெல்டிங்கில் ரூட் (முதல் அடுக்கு). பின்பக்கம் கை போகாத இடத்தில் முன்னால் ஜன்னல் வெட்டி உள்ளிருந்து பின்பக்கத்தை முடித்துக்கொண்டு ஜன்னலை மூடலாம். உயர் வெப்ப சூப்பர் ஹீட்டர் குழாய் குரோம்–மாலி–வனேடியம் கலவை. அதற்கு 200 டிகிரிக்கு மேல் ப்ரீஹீட் கொடுங்கள், ஃபில்லரும் அதே வகையாக இருக்கட்டும். ஸ்டோரில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பால் கலவையைச் சரிபார்க்காமல் எடுத்துப் போட்ட கார்பன் ஸ்டீல் துண்டு சில வாரம்கூடத் தாங்காது.

வால்வு முழுதாக மூடாமல் கீழிருந்து தண்ணீர் கசிந்து வந்தால் ரூட் பிடிக்காது, ஊசித்துளை விழும். ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டி அடைப்பது பழைய வெல்டர்களின் வழி. கரையும் காகிதம் இன்னும் நல்லது. இரண்டும் பிறகு தண்ணீரில் கரைந்துவிடும். துணி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே மறந்துபோன ஒரு கந்தல் ஓட்டத்தை அடைக்கும். அடுத்த மீன் வாய் அங்கேதான்.

எல்லா ஜாயின்ட்டும் எக்ஸ்ரே பார்த்து, வேலை அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; குளிர்ந்த டிரம்மில் அழுத்தம் ஏற்றுவது ஆபத்து. தொங்கும் சூப்பர் ஹீட்டர் சுருள்களில் நின்ற தண்ணீரை வடிக்க வழியில்லை. டெஸ்ட் முடிந்து கொதிகலனைச் சும்மா விட்டால் அது உறைந்து புதிய லீக்கைத் தரும். ஆகவே லைட் அப் அனுமதி, மசூத், ஆட்கள் எல்லாம் தயாரான பிறகே டெஸ்ட்டைத் தொடங்குங்கள். லைட் அப்பில் முதலில் மெதுவாகத்தான் எரிக்க வேண்டும்: அந்தச் சுருள்களின் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை அவற்றில் ஓட்டமே இருக்காது.

மாற்றிய குழாய், மெலிந்தும் மாற்றாமல் விட்ட குழாய், இரண்டையும் அன்றே டியூப் மேப்பில் குறித்துவிடுங்கள். சூடேற்றும் பருவம் மே நடுவில் முடிகிறது. செப்டம்பருக்குள் மாற்ற வேண்டிய பேனல்களுக்கான குழாயை அந்த மேப்பைப் பார்த்துக் குளிர்காலத்திலேயே ஆர்டர் செய்தால்தான் கோடைக்கு வந்து சேரும்.