மணி பிளான்ட்: தாகத்தில் செத்ததை நான் பார்த்ததே இல்லை

உச்சி வெயிலில் வைக்காதீர்கள், வாடும்வரை விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னிடம் கொடி வாங்கிப் போகிறவர்கள் விடாமல் செய்கிற, ஒரு காலத்தில் நானும் செய்த சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டை இல்லாத தொட்டி

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பீங்கான் ஜாடி, அடியில் ஓட்டை கிடையாது. கேட்டால், "கீழே கூழாங்கல் போட்டிருக்கேனே, தண்ணி அதுல இறங்கிடும்" என்பார்கள். அவ்வளவு சுலபமாக இறங்காது. மண் முழுக்க ஊறி, இனி தாங்காது என்ற பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் சொட்டும். கல் போட்டதால் அந்தச் சேறு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். அப்படியே இறங்கினாலும் அதற்கு மேல் போக வழியில்லை. வேருக்குக் காற்று வேண்டும். அது கிடைக்காமல் அழுகும்.

அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை தாகம் எடுத்த மாதிரியே துவளும். உடனே பாவம் என்று இன்னொரு டம்ளர் ஊற்றுவார்கள். மேல்வீட்டு அக்கா நல்ல விலை கொடுத்து வாங்கிய மார்பிள் குவீன் (இலையில் வெள்ளை படர்ந்த மணி பிளான்ட் வகை) இப்படித்தான் போனது. தொட்டியைக் கவிழ்த்தால் சாக்கடை நாற்றம். வேரைத் தொட்டால் தோல் கையோடு கழன்று வந்தது. அழுகாத கொடியை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றினோம்.

ஜாடிதான் வேண்டுமா? சரி. செடி ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கட்டும், அதை ஜாடிக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, முழுக்க வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

அப்புறம், செவ்வாய் வெள்ளி என்று நாள் வைத்து ஊற்றாதீர்கள். கோகோபீட் (மண்ணோடு சேர்க்கிற தென்னை நார்த்தூள்) மேலே காய்ந்து வெளுத்திருக்கும், கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை அதன் இரண்டு கணு ஆழத்துக்கு உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு வேண்டாம்.

இருட்டு மூலை

சாகாது. ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலையில் மஞ்சளும் வெள்ளையும் மங்கிப் பச்சையாகும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை என்பதால் மார்பிள் குவீனுக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஜன்னல் ஓரம் போதும்.

தொங்கவிட்டுவிட்டு இலை சிறியது என்று புலம்புவது

பசிபிக்கில் உள்ள மொரேயா தீவுதான் இதன் பூர்வீகம். அங்கே மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது. ஏறினால் இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். பெரிய இலைதான் வேண்டுமென்றால் தேங்காய் நார் சுற்றிய கம்பை நட்டு ஏற்றிவிடுங்கள்.

பாட்டில் தண்ணீர்

கொடியைப் பாட்டிலில் வளர்த்தால் தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு வரும்.

பால் டீயின் சக்கை

எறும்பு வரும். உரமென்று தொட்டியில் கொட்டாதீர்கள்.

எட்டுகிற உயரம்

இலையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. பூனையோ குழந்தையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். கொடி நீண்டு தரையைத் தொடும் முன் வெட்டிவிடுங்கள்.

கணு இல்லாத துண்டு

இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தால் பல வாரம் பச்சையாகவே நிற்கும், தளிர் மட்டும் வராது. தளிருக்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது. திருடி வைத்தால்தான் பணம் சேரும் என்று என் வாசலில் கிள்ளிப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: கணுவுக்குக் கீழே கிள்ளுங்கள்.