ராஜாவா ரகுமானா: சண்டை போட வருமுன் படிக்கவும்

கிருஷ்ணகிரியில் ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் கூடுகிற எங்கள் பாட்டுக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறீர்களா, தாராளமாக வாங்க. ஓசூர், பர்கூர், பாலக்கோடு என்று பஸ் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் பேசலாம், சண்டையும் போடலாம், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

பாட்டு ஓடும்போது பேச்சு கூடாது. பல்லவி முடிந்து இடையிசை ஆரம்பித்த உடனேதான் பலருக்கும் காலேஜ் ஞாபகம் பொங்கி வருகிறது. அந்தப் புல்லாங்குழல் முடிந்து வயலின்கள் மொத்தமாக வந்து சேரும் இடத்துக்காகவே ஒருத்தர் டீயில் ஆடை படிந்ததுகூடத் தெரியாமல் கண்ணை மூடிக் காத்திருப்பார், நீங்கள் சரியாக அந்த நேரத்தில் "அண்ணா, இது எந்தப் படம்?" என்று தோளைத் தட்டினால் அவர் முறைப்பதில் தப்பே இல்லை.

அடுத்து, யார் இசை என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள். எண்பதுகளில் வந்த நல்ல மெலடி எதுவானாலும் ராஜா கணக்கில் எழுதுவது நம்ம ஆட்களுக்குப் பழக்கம். 1982-ல் வந்த 'வாழ்வே மாயம்' படத்துக்கு இசை கங்கை அமரன், ஆனால் "நீல வான ஓடையில்" ஓடினால் போதும், தம்பி போட்ட பாட்டுக்கு அண்ணனைப் புகழ்ந்து கால் மணி நேரம் பேச ஆள் உண்டு. யாரோ பென்டிரைவில் 'ராஜா ஹிட்ஸ்' என்று போட்டுக் கொடுத்ததெல்லாம் ஆதாரம் ஆகாது, படத்தின் டைட்டிலைப் பாருங்கள்.

சரி, பெரிய சண்டைக்கு வருவோம். "ரகுமான் வெறும் கம்ப்யூட்டர்", "ராஜா காலம் முடிஞ்சுது" ஆகிய இரண்டுக்கும் இங்கே தடை. ரகுமான் 1992-ல் சினிமாவுக்கு இசையமைக்க வருமுன் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 2010-ல் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் பத்ம பூஷண் அறிவித்தார்கள். ஒப்பிடுவதாக இருந்தால் குறிப்பாக ஒப்பிடுங்கள்: இந்தச் சரணத்தில் பேஸ் கிட்டார் எப்படி நகர்கிறது, அந்தப் பாட்டில் கோரஸ் எங்கே நுழைகிறது, இப்படி. "ஃபீல் இல்லை" என்றால் எந்த இடத்தில் இல்லை என்று கேட்பார்கள், பதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவரின் ரசனையைத் திட்டுவது, வயசைச் சொல்லி மட்டம் தட்டுவது எல்லாம் பாட்டைப் பற்றிய பேச்சு இல்லை.

மொழியை இழுக்கவே வேண்டாம். ஓசூர்ப் பக்கத்து ஆட்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்கள் உச்சரிப்பைக் கிண்டல் செய்துவிட்டு அடுத்த நிமிஷமே எஸ்.பி.பி.யையும் ஜானகியம்மாவையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்த இரண்டு பேருக்கும் தாய்மொழி தெலுங்கு.

அரசியல், சாதி, நடிகர்களின் குடும்ப விவகாரம் எதுவும் வேண்டாம். பேசுகிறவரைக் கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள்.

குரல் ஏறிவிட்டால் கூட்டத்தில் மூத்தவர் "போதும்பா" என்பார், அதோடு நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட வேண்டும், "கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம், தோற்றவர்தான் டீக்காசு கொடுக்கணும் என்று பந்தயம் கட்டாதீர்கள். இங்கே யாரும் தோற்றதாக ஒத்துக்கொள்வதில்லை, கடைக்காரர் நம்மைத்தான் பிடிப்பார்.