வரிச் சட்டம் படிக்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

சட்டப் படிப்பில் வரிச் சட்டம் என்ற பாடம் வரும்போது நம் பிள்ளைகள் பலர் அதைத் தொடாமலே நழுவிவிடுகிறார்கள். கணக்கு வராது என்கிறார்கள். லயத்திலிருந்து வந்த நமக்கு வரியோடு என்ன வேலை என்றும் கேட்கிறார்கள். நான் ஹட்டனில் சட்டத்தரணியாக இருக்கிறேன். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் என்று படித்துக்கொண்டு லீவுக்கு வீடு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகள் கட்டாயம் எடுக்க வேண்டிய பாடம் இது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதலில் எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

சீனியர்மார் கொடுத்த நோட்ஸை ஓரமாக வையுங்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தை முழுதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாக வாசித்தால் மூன்றாம் நாள் மூடிவைத்துவிடுவீர்கள். 2 ஆம் பிரிவில் தொடங்குங்கள். வரியை விதிப்பது அதுதான். அப்புறம் 3, 4. அதன் பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லும் பிரிவுகள்: தொழிலுக்கு 5, வியாபாரத்துக்கு 6, முதலீட்டுக்கு 7. உடனே கடைசிப் பக்கங்களுக்குப் போய் 195 ஆம் பிரிவில் உள்ள வரைவிலக்கணங்களைப் பாருங்கள். வீதங்கள் முதலாம் அட்டவணையில், வருமானத்திலிருந்து வரியில்லாமல் கழிக்கும் தொகைகளான நிவாரணங்கள் ஐந்தாம் அட்டவணையில். இந்த எலும்புக்கூடு மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அதன்மேல் தானாக வந்து ஒட்டும்.

தமிழ்ப் பிரதியை வாசியுங்கள், தவறில்லை. ஆனால் சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டத்தின் கடைசிப் பிரிவே சொல்கிறது. அதனால் முக்கியமான பிரிவுகளைச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது திருத்தங்கள். பிள்ளைகள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். 2021 இன் 10 ஆம் இலக்கம், 2022 இன் 45 ஆம் இலக்கம், 2025 இன் 2 ஆம் இலக்கம் என்று திருத்தச் சட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அச்செடுத்த பிரதியின் ஓரத்தில், மாறிய ஒவ்வோர் இடத்துக்கும் நேரே, எந்தத் திருத்தம், எந்தத் திகதியிலிருந்து என்று பென்சிலால் குறியுங்கள். பழைய வாசகத்தை அழிக்க வேண்டாம். பரீட்சையில் பழைய ஆண்டைப் பற்றியும் கேட்பார்கள். நாளைக்குக் கட்சிக்காரரும் பழைய ஆண்டுக் கடிதத்தோடுதான் வருவார்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் பதியும். மாதம் 2 இலட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுங்கள். ஆண்டுக்கு 24 இலட்சம், வேறு வருமானம் இல்லை. 2021/2022 மதிப்பீட்டு ஆண்டில், அதாவது ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரையான வரி ஆண்டில், தனிநபர் நிவாரணம் 30 இலட்சம். ஆகவே வரி இல்லை. 2023/2024 இல் நிவாரணம் 12 இலட்சம். மீதி 12 இலட்சத்தில் முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம், எஞ்சிய 2 இலட்சத்துக்கு 18 வீதம். கூட்டினால் 126,000 ரூபாய். 2025/2026 இல் நிவாரணம் 18 இலட்சமாகி, முதல் 10 இலட்சத்துக்கும் 6 வீதம் என்று ஆனது. மீதி 6 இலட்சத்துக்கு 36,000 ரூபாய்தான். அதே ஆள், அதே சம்பளம், மூன்று விடை. கல்குலேட்டரைத் தூக்கும் முன் எந்த மதிப்பீட்டு ஆண்டு என்று தாளின் மேலே எழுதுங்கள். தேவையான கணக்கு இவ்வளவுதான். சாதாரண தரத்துக்குப் படித்ததே போதும்.

வழக்குகளைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றிலும் நடந்த கதையைப் பிடியுங்கள். 1929 இல் தீர்ப்பான ரட்லெஜ் வழக்கில், ஒருவர் பெர்லினில் பத்து இலட்சம் கழிவறைக் கடதாசிச் சுருள்களை வாங்கி மொத்தமாக விற்று இலாபம் பார்த்தார். ஒரே ஒரு தடவை செய்ததுதானே என்றார். வியாபாரத் தன்மையுள்ள முயற்சிதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வளவு சுருளையும் யாரும் வீட்டுப் பாவனைக்கு வாங்க மாட்டார்கள். இப்போது நம் 195 ஆம் பிரிவில் வியாபாரம் என்பதன் வரைவிலக்கணத்தைப் பாருங்கள். வியாபாரத் தன்மையுள்ள தனியொரு ஏற்பாடும், எவ்வளவு குறுகிய காலத்துக்கு இருந்தாலும், அதற்குள் வருகிறது. நுவரெலியாவில் ஒருவர் ஒரேயொரு முறை ஒரு லொறி உருளைக்கிழங்கு வாங்கித் தம்புள்ளையில் விற்றால் என்ன ஆகும்? இப்படி ஊர்க் கேள்வியாக மாற்றி இரண்டு பக்கமும் வாதாடிப் பாருங்கள். வழக்கு மறக்காது.

சரி, இனி எனக்கு மிக முக்கியமான பகுதி: வற் வரி, அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு சேரும் பெறுமதி சேர் வரி.

“தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை” என்று வகுப்பிலேயே யாராவது சொல்வார்கள். நம் ஆட்களே சொல்வார்கள். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 25 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலை நாளாகப் பதிவானால், மாதம் 33,750. 2025/2026 இல் மாதச் சம்பளம் 150,000ஐத் தாண்டினால்தான் வருமான வரி. அதன் பக்கத்திலேயே இது போகாது. ஆனால் சந்திக் கடையில் வாங்கும் ஒரு சவர்க்காரத்தை எடுங்கள். கடைக்காரர் அதை 118 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 ரூபாய் வற். 2024 ஜனவரியில் வற் பதிவு எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாய் விற்பனை என்று ஆனது. எல்லையை எட்டாத சின்னக் கடை பதிவுக்கு வெளியே நிற்கிறது. அதனால் பதிவு செய்த வியாபாரியைப் போல அந்த 18 ரூபாயைத் திரும்பப் பெறவோ, தான் வசூலிக்கும் வரியில் கழிக்கவோ அவரால் முடியாது. தன் இலாபம் 12 ரூபாயையும் சேர்த்து 130க்கு விற்கிறார். பில்லில் வற் என்ற எழுத்தே இருக்காது. ஆனாலும் கொழுந்து பறிக்கும் பெண் அந்த 18 ரூபாயைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். இந்தச் சங்கிலியை உற்பத்தியாளரிடமிருந்து கடை வரைக்கும் படமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் வசூலித்த வரியையும் கழித்த வரியையும் எழுதுங்கள். 2002 இன் 14 ஆம் இலக்க வற் சட்டத்தில் பாதி இதிலேயே விளங்கிவிடும்.

கொள்கையும் இங்கிருந்தே தொடங்குகிறது. வற் வீதம் 2019 டிசம்பரில் 15 இலிருந்து 8 ஆனது. 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வருமான வரியைக் குறைத்தபோது நம் வீடுகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வற் ஏறியபோது ஒவ்வொரு வீடும் கட்டியது. கட்டுரையில் கோபத்தை மட்டும் எழுதினால் புள்ளி வராது. அரச வருமானம் சரிந்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நின்றது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்தது என்பதையெல்லாம் வரிசையாக வைத்து, யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்று காட்டுங்கள்.

அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையை இதோடு சேர்த்துப் படியுங்கள். பொது நிதி பாராளுமன்றத்தின் முழுக் கட்டுப்பாட்டில் என்கிறது அது. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து செல்லுபடியாகும் வருமான வரிக் குறைப்புகளுக்கான சட்டம் 2021 மே மாதத்தில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல்களை வைத்தே காரியம் நடந்தது. இது சரிதானா என்று ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

நடைமுறைப் பகுதி சுருக்கம். மதிப்பீட்டில் உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு, பிறகு வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு, அதன் பிறகு சட்டப் பிரச்சினை இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம். நாள் கணக்கைப் பாடமாக்குங்கள், போதும்.

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடினால் தூரம் போக வேண்டாம். 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்ய முடியாதபடி நெடுங்காலம் குறுக்கே நின்றது. 2018 இல் அதைத் திருத்தினார்கள். அதன் பிறகு உங்கள் சபைக்கு எவ்வளவு சோலை வரி, அதாவது காணி கட்டடங்கள் மீதான வரி, வந்தது, எங்கிருந்து வந்தது, தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு போனது? வரவுசெலவுத் திட்டப் பிரதியைச் சபையில் கேளுங்கள். தராவிட்டால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். முடிவைச் சொல்ல அவருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. ஆண்டு வாரியாக, வருமானம் தனியாக, செலவு தனியாகக் கேளுங்கள். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.